ஆடிக் கார்த்திகைக்கு அப்பாவுக்கு எண்பது

புதன், மாவிட்டபுரம்

காலையில் கொழும்புக் கோட்டையில் யாழ்தேவி ஏறினோம். அண்ணா குடும்பம் பாரிசிலிருந்து, தம்பி குடும்பம் லண்டனிலிருந்து, நாங்கள் ஸ்காபரோவிலிருந்து, தங்கை குடும்பம் வெள்ளவத்தையிலிருந்து. எல்லோருக்கும் ஒரே பெட்டியில் இருக்கை கிடைக்கவேண்டும் என்று தங்கை முன்பதிவு தொடங்கிய அன்றே பதிந்து வைத்திருந்தாள். ஆடி மாதத்தில் யாழ்ப்பாணம் போக நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கோயில் திருவிழாக்களும் வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வரும் காலம். கடைசி நேரத்தில் இருக்கை தேடினால் கிடைக்காது.

வருகிற ஞாயிறு ஆடிக் கார்த்திகை. அப்பாவுக்கு எண்பது வயது நிறைகிறது. நல்லூர்ப் பக்கம் ஒரு மண்டபம் எடுத்துச் செய்வோம் என்று நாங்கள் முதலில் கேட்டபோது அவர் தொலைபேசியில் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "மண்டபத்தில என்னைக் கதிரையில இருத்திப்போட்டு நீங்கள் ஓடித் திரிவியள். எனக்கு அது வேண்டாம். எல்லாரும் வீட்டை வாங்கோ. நான் செய்யிறன்."

சொன்னதோடு நிற்கவில்லை. எந்த நாள் எங்கே போவது, என்ன சமைப்பது, யார் எங்கே படுப்பது என்று ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவைத்தார். மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை எல்லா நாளும் "ஓய்வு" என்று போட்டிருந்தது. வயதானவர்களை மையமாக வைத்துப் பயணம் போகிறவர்கள் இந்த ஓய்வு நேரத்தைத் திட்டத்திலேயே எழுதிவிடவேண்டும் என்பது என் எண்ணம். இல்லாவிட்டால் அவர்களும் சொல்லமாட்டார்கள், நாங்களும் இழுத்துக்கொண்டு திரிவோம்.

ரயிலில்தான் வரவேண்டும் என்பதும் அவருடைய ஏற்பாடுதான். யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கியபோது அப்பா சின்னப் பள்ளிக்கூடம். பிறகு காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ரயிலின் கடைசித் தரிப்பிடமும் அவருடைய வேலை இடமும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தன. 1990 இல் போரால் ரயில் நின்றது, தொழிற்சாலையும் நின்றது, நாங்களும் ஊரை விட்டு எழும்பினோம். அதற்குப் பிறகு இந்தப் பாதையில் தண்டவாளமே இல்லாமல் போனது. இரும்பும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் ரயில் திரும்பி வந்தது.

வவுனியா தாண்டியதும் பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரவில்லை. மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ரயில். உப்பு விளையும் இடம் என்று மகளுக்குக் காட்டினேன். கொடிகாமம் வந்ததும் பனைகள் நெருங்கின. அண்ணா எழும்பிக் கதவடிக்குப் போய் நின்றான். சாவகச்சேரி, நாவற்குழி வழியாக 1995 ஒக்டோபர் கடைசியில், யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, நாங்கள் மழைக்குள் எதிர்த்திசையில் நடந்து போயிருக்கிறோம். அவன் தோளில் அப்போது தம்பி. தம்பி இப்போது பின்னால் இருக்கையில் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நித்திரை.

மற்றவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலேயே இறங்கிவிட, பெட்டி காலியாகி, கோண்டாவில், இணுவில், சுன்னாகம் எல்லாம் கடந்து காங்கேசன்துறையில் இறங்கினோம். வேட்டி சேட்டோடு குடையை ஊன்றிக்கொண்டு அப்பா மேடையில் நின்றார். ஒவ்வொரு தலையாக எண்ணினார். அம்மா வரவில்லையா என்று தங்கை கேட்க, "கொம்மா அடுப்படியை விட்டு வருவாவே?" என்றார். என்னைப் பார்த்து, "இளைச்சுப்போனாய் பிள்ளை" என்றார். அவரைவிடவா என்று கேட்க வாய் வரவில்லை.

இரவு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மாம்பழமும். கறுத்தக்கொழும்பானின் கடைசிக் காய்கள், எங்களுக்காக வைக்கோலுக்குள் வைத்துப் பழுக்கப் போட்டிருந்தவை. வீட்டில் இரண்டு அறைதான். விறாந்தையிலும் கூடத்திலும் பாய் விரித்தாயிற்று. நாங்கள் நாலு பேரும் 1996க்குப் பிறகு ஒரே கூரைக்குக் கீழே படுத்ததில்லை.

வியாழன், ஆடிப்பிறப்பு

இன்றைக்குக் கூழ். அப்பாவின் கொப்பியில் இந்த நாளுக்குப் பயணம் எதுவும் இல்லை, "ஆடிக்கூழ், கொழுக்கட்டை" என்று மட்டும் இருக்கிறது.

காலை ஐந்தரைக்கே திருவலைச் சத்தம். அப்பா முற்றத்தில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நான் வாங்கப் போனேன், தரவில்லை. பச்சரிசி மாவை அம்மா முதல் நாளே இடித்து வறுத்து வைத்திருந்தா. பயறும் வறுத்துத் தோல் நீக்கியிருந்தது. முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பெரிய பானையை ஏற்றினோம். பயறு வெந்ததும் சின்னச் சின்ன மா உருண்டைகளைப் போட்டு, மிச்ச மாவைக் கரைத்து விட்டு, பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, கடைசியில் ஏலமும் மிளகும் சீரகமும் தூவி, பல்லில் கடிபடத் தேங்காய்ச் சொட்டும் போடவேண்டும். சீனி போட்டுச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பனங்கட்டி இல்லாத ஆடிக்கூழை அம்மா கூழ் என்றே ஏற்கமாட்டா, நானும்தான். கனடாவில் நான் செய்யும்போது நிறம் வரும், இந்த மணம் வராது. விறகுப் புகைக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

பலா இலையைக் கோலி ஈர்க்கால் குத்திக் குடிக்கக் கொடுத்தார் அப்பா. பாரிசுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, எங்களுடையதுகளுக்குப் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் படித்த அளவுதான். நேற்று ரயிலில் ஆளையாள் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தார்கள். இன்றைக்குக் கொழுக்கட்டைக்கு யார் விளிம்பு நல்லாக முடிகிறது என்று போட்டி வந்ததும் சண்டை முழுக்கத் தமிழில். "நீ பிழையாச் செய்யிறாய்", "இல்லை, அம்மம்மா இப்பிடித்தான் சொன்னவ", "எனக்கு அவ அப்பம்மா". பதினான்கு வயது மகள் வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். மச்சானோடு சண்டை பிடிக்க அவளிடம் போதிய தமிழ் இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அவ்வளவு சந்தோசம்.

அயலுக்குக் கூழ் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைப் பிள்ளைகளுக்கு விட்டார் அப்பா. ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் "ஆற்றை பிள்ளை?" என்று கேட்பார்கள், சொல்லத் தெரியவேண்டும் என்று பாடமாக்கி அனுப்பினார். நாலைந்து வீடுதான். முன்பு இந்த ஒழுங்கையில் வேலிக்கு வேலி வீடு. பல காணிகளில் ஆட்கள் திரும்பி வரவில்லை, அத்திவாரமும் கிணறும் பற்றையும் மட்டும் கிடக்கின்றன. எங்கள் பகுதியான வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளை 2010க்குப் பிறகு கட்டம் கட்டமாக விட்டார்கள். இன்னும் விடாத காணிகளும் உண்டு. எங்கள் காணிக்குள் அப்பா முதன்முதலாகக் கால் வைத்தபோது வீடும் இல்லை, எல்லை வேலியும் இல்லை. கிணற்றை வைத்துத்தான் இடத்தை அடையாளம் கண்டார். அந்தக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இந்தச் சின்ன வீட்டை எழுப்பினார். பெரிதாகக் கட்டக் காசு அனுப்புகிறோம் என்று நாங்கள் சொன்னோம். அவருடைய சேமலாப நிதியில் மிஞ்சியதும் அம்மாவின் காப்பு ஒரு சோடியும் போதும் என்று விட்டார்.

வெள்ளி, கீரிமலை, காங்கேசன்துறை

வெயில் ஏறுமுன் கீரிமலைக்கு. ஓட்டோவில் பத்து நிமிடம்கூட இல்லை. ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு மதிலோடு தனியாக ஒரு கேணி. ஆண்கள் கேணிக்கு ஒரு சுவர் தள்ளி அலை அடிக்கிறது. கடல் உப்பு, கேணி நன்னீர். தம்பியின் மகன் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் ஓடினான், எப்படி என்று.

அப்பாவுக்கு இந்தக் கேள்வி போதும். படியில் இருந்து விளக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மாரி மழை செம்மண்ணுக்குள்ளால் இறங்கிக் கீழே இருக்கிற சுண்ணாம்புக் கல்லில் உள்ள வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கும். உப்புத் தண்ணி பாரம், நல்ல தண்ணி அதுக்கு மேலே நிற்கும். அந்தக் கல் கடலோரத்தில் முடிகிற இடத்தில் நல்ல தண்ணி வெளியே வரும், அதுதான் கீரிமலை. கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே நிற்கும் உப்பு மேலே ஏறும். "நாங்கள் சீமெந்துக்குத் தோண்டின கல்லும் இந்தத் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கிற கல்லும் ஒண்டுதான் அப்பு" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அவர் வாழ்நாளின் நல்ல பாதி அந்தக் கல்லை அரைத்ததில் போனது.

குளித்து நகுலேஸ்வரரைக் கும்பிட்டோம். ஈழத்தின் ஐந்து ஈச்சரங்களில் ஒன்று. போர்க்காலத்தில் குண்டுபட்டு, ஆட்கள் போகமுடியாமல் இருந்து, திரும்ப எழும்பிய கோயில். இங்கே வருகிறவர்கள் அவசரப்படாமல் கேணியில் குளித்து, ஈரத் துணியை மாற்றி, அதற்குப் பிறகு கோயிலுக்குள் போங்கள். குளிக்காமல் கரையில் நின்று படமெடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தேன். பாவம்.

அங்கிருந்து காங்கேசன்துறை. தொழிற்சாலை 1950 இல் தொடங்கியது. இலங்கையில் வடக்குக்கு வெளியேயிருந்தும் ஆட்கள் வந்து வேலை செய்த இடம். உள்ளே போகவில்லை, தெருவில் இறங்கி நின்றோம். அப்பா கையை நீட்டி நீட்டிக் காட்டினார்: இது சூளை, அது கல்லு வரும் பக்கம், அங்கேதான் எங்கள் இரசாயனகூடம், மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாதிரி எடுத்துப் பார்க்கவேண்டும், இரவு வேலையென்றால் மூன்று மணிக்குக் கன்டீனில் பிளேன்டீயும் பணிசும். எனக்கு நினைவிருப்பது அவர் சைக்கிளில் வந்து இறங்கும்போது கண்ணிமையில் இருக்கும் வெள்ளைத் தூசு. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் அம்மா உலை வைப்பா.

அண்ணாவின் மகன் கேட்டான், "அப்பப்பா, திரும்பத் திறந்தால் போவீங்களோ?"

"வயசைக் கேட்டிட்டுத்தானே எடுப்பாங்கள்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "மாதிரி பார்க்கிற வேலையெண்டால் இப்பவும் செய்வன்" என்றார்.

நாற்பத்தைந்து வயதில் வேலை போன மனிதர். சுன்னாகத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு இரசாயனம் ரியூசன் கொடுத்து எங்களை வளர்த்தார். அந்தப் பிள்ளைகள் சிலர் இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள். எங்களுக்கு அப்போது அவர் வீட்டிலேயே நிற்கிறார் என்பது மட்டும்தான் தெரியும்.

பின்னேரம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். மகோற்சவம் நடந்துகொண்டிருக்கிறது, ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும். தவில் நாதஸ்வரத்துக்கு நடுவில் வீதியில் கச்சான் வாங்கித் தந்தார் அப்பா. ஐம்பது தாண்டிய அண்ணாவுக்கும் ஒரு பொட்டலம்.

சனி, நயினாதீவு

காலை ஆறுமணிக்கு வான். பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று தீவுக்குத் தீவு தெரு போடப்பட்டிருக்கிறது. கடலுக்கு நடுவே நீளமான தெரு, இரண்டு பக்கமும் முழங்கால் அளவு தண்ணீரில் பறவைகள். தெரு குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. அதற்கு மேல் படகு.

படகு ஏற்றம்தான் கவலையாக இருந்தது. இறங்குதுறைக்கும் படகுக்கும் இடையில் அலை தூக்கித் தூக்கிப் போடுகிறது. இரண்டு படகோட்டிகள் ஆளுக்கொரு கையைப் பிடிக்க, பின்னால் தம்பி இடுப்பைத் தாங்க, "ஐயா, இப்ப காலை வையுங்கோ" என்ற ஒரு நொடியில் அப்பா உள்ளே. முதியவர்களோடு போகிறவர்கள் கூட்டம் கூடுமுன் போய்விடுங்கள். ஆட்கள் குறைந்த நேரத்தில் அவர்கள் இந்த மாதிரி நிதானமாக ஏற்றுகிறார்கள்.

நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, அன்னதான மண்டபத்தில் பந்தியில் இருந்து சாப்பிட்டோம். அன்றைய அன்னதானத்துக்கு அப்பா தன் பெயரில் ஒரு தொகை முன்னரே கட்டியிருந்தார், எங்களுக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் யார் எவரென்று தெரியாமல் எல்லோரும் இலைக்கு முன்னால் இருந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சாப்பிட்டார். தீவிலேயே கொஞ்சம் தள்ளி நாகவிகாரை. தெற்கிலிருந்து வந்த பஸ் கூட்டங்கள் இரண்டு இடத்துக்கும் போய் வருகின்றன.

திரும்பி வரும்போது அப்பாவுக்குக் களைப்பு. வானில் முன் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அம்மா சேலைத் தலைப்பிலிருந்து குளிசையை எடுத்துக் கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்தா. ஒருவரும் கதைக்கவில்லை. நித்திரையால் எழும்பியதும் கேட்டார்: "நாளைக்கு வாழையிலை வெட்ட ஆர் வாறது?"

ஞாயிறு, பிறந்தநாள்

காலை ஊர்ப் பிள்ளையார் கோயிலில் அப்பாவின் பெயர் நட்சத்திரத்துக்கு அபிசேகம், அர்ச்சனை. ஐயர் அப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது அண்ணா, "சதாபிசேகம் நல்லபடி முடிஞ்சுது" என்று சொல்ல, அப்பா உடனே திருத்தினார். "இது சதாபிசேகம் இல்லைத் தம்பி, பிறந்தநாள். அது ஆயிரம் பிறை கண்டால்தான்."

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுக் காட்டினார். பூரணையிலிருந்து பூரணைக்கு இருபத்தொன்பதரை நாளும் கொஞ்சமும். ஆயிரத்தால் பெருக்கினால் 29,530 நாள். அதை வருசமாக்கினால் எண்பது வருசமும் பத்து மாதமும். "இன்னும் பத்து மாசம் கிடக்கு. வைகாசியிலதான்" என்றார். இரசாயனகூடத்தில் இருந்தவரிடம் தோராயம் செல்லாது.

மத்தியானச் சாப்பாடு அவர் கைப் பொறுப்பு. தேங்காய்ப்பால் விட்ட கத்தரிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய், முருங்கைக்காய்க் குழம்பு, பயற்றங்காய், வல்லாரைச் சம்பல், பருப்பு, அப்பளம், மோர்மிளகாய், வடை, பாயாசம், ரசம். திருவிழாக் காலம், வீட்டில் மச்சம் இல்லை. சமையலுக்கு ஊரில் இரண்டு பெண்கள் அம்மாவோடு நின்றார்கள். விறாந்தையில் பாய் விரித்து இலை போட்டு, முதல் பந்திக்கு அயலவரும் அப்பாவின் பழைய தொழிற்சாலைச் சிநேகிதர்களும். அவர்களில் இருந்து எழும்ப முடியாதவர்களுக்கு மட்டும் மேசை.

பரிமாறியது அப்பா. சோற்றுச் சட்டியை அண்ணா தூக்கிக்கொண்டு பின்னால் போக, அகப்பையால் அள்ளி அள்ளி வைத்தது அவர். "இன்னும் கொஞ்சம்", "என்ன, பல்லு இல்லையோ, குழைச்சுச் சாப்பிடு" என்று ஒவ்வொருவரோடும் கதைத்துக்கொண்டு. அவருடைய கை நடுங்கும், மூன்று வருசமாக. இன்றைக்கும் நடுங்கியது, சோறு கொஞ்சம் இலைக்கு வெளியே விழுந்தது, ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மண்டபத்தில் மாலை போட்டு இருத்தியிருந்தால் இந்த மனிதரை நாங்கள் பார்த்திருக்கமாட்டோம்.

சாப்பாட்டுக்கு நடுவில் காலியிலிருந்து ஒரு தொலைபேசி. தொழிற்சாலையில் அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்த சிங்கள நண்பர். அப்பா முற்றத்துக்குப் போய்ப் பத்துப் பதினைந்து நிமிடம் சிங்களத்தில் கதைத்தார். அவர் வாயிலிருந்து சிங்களம் வருவதைப் பிள்ளைகள் முதல்தடவை கேட்கிறார்கள். எனக்கே மறந்து போயிருந்தது. 1990 ஆனியில் ஆளுக்கொரு திசையில் போனவர்கள், பல வருசம் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று மற்றவருக்குத் தெரியாது.

பின்னேரம் பேரப்பிள்ளைகள் சேர்ந்து வாங்கிய கேக். குத்துவிளக்கை அப்பாவும் அம்மாவும் ஏற்றினார்கள், பிறகு வெட்டினார்கள். முதல் துண்டை அப்பா அம்மாவுக்குத் தீத்தப் போக, "பிள்ளையளுக்கு முன்னால என்ன இது" என்று அம்மா முகத்தைத் திருப்பினா. பிள்ளைகள் விடவில்லை.

இரவு நாலு பேரும் கிணற்றடியில் இருந்து கதைத்தோம். அம்மாவும் அப்பாவும் தனியாக இருப்பது பற்றி. வெள்ளவத்தைக்கு வரச்சொல்லித் தங்கை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இங்கேயே ஒரு ஆளை வீட்டோடு வைப்பது என்றும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படிப்புச் செலவை நாங்கள் எடுப்பது என்றும், கிணற்றுக்குப் பக்கத்தில் வழுக்காமல் கட்டுப்போட்டுக் கைபிடி வைப்பது என்றும் முடிவு. அவர்களை ஊரிலிருந்து எழுப்புவதில்லை. ஒருமுறை எழுப்பப்பட்டவர்கள். அதில் நாங்கள் நால்வரும் ஒரே மனம்.

செவ்வாய், யாழ்ப்பாணம்

நேற்று முழுக்க எல்லோருக்கும் நித்திரை. இன்று பட்டணம். நல்லூர், கோட்டை, பெரியகடை, ஐஸ்கிரீம். எல்லோரும் எழுதுவதுதான், விட்டுவிடுகிறேன்.

நூலகத்தில் மட்டும் அப்பா நேரம் கேட்டார். 1981 ஜூன் முதலாம் திகதி இரவோடு இரவாக எரிந்தபோது உள்ளே ஏறக்குறைய 97,000 நூல்கள். செய்தி கேட்டு ஊரிலிருந்து சைக்கிளில் வந்து பார்த்தவர்களில் அப்பாவும் ஒருவர். வாசலில் நின்று எங்கே நின்று பார்த்தார் என்று காட்டினார். சிறுவர் பகுதியில் இப்போது பிள்ளைகள் இருந்து வாசிக்கிறார்கள். பகல் வேளையில் வெளியாருக்கு எல்லாப் பகுதியும் திறந்திருக்காது, பின்னேரம் போவது நல்லது.

வியாழன், ஆடி அமாவாசை

நேற்றுச் சுன்னாகம் சந்தையில் அப்பாவும் நானும் காத்தோட்டிக்காய் வாங்கினோம். ஆண்டு முழுக்க யாரும் தேடாத கைப்புக் காய், ஆடி அமாவாசைக்கு மட்டும் சந்தை முழுக்க இருக்கும். தகப்பன் இல்லாதவர்கள் விரதம் பிடித்து இந்தக் கறியோடு படைப்பார்கள்.

விடியமுன்னரே கீரிமலையில் கால் வைக்க இடமில்லை. மாவிட்டபுரத்து முருகன் தீர்த்தமாட வரும் நாள், குடாநாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம். கடற்கரையோரம் வரிசையாக ஐயர்மார், முன்னால் தர்ப்பையும் எள்ளும் தண்ணீரும். அப்பா வெறும் மேலோடு சம்மணம் கட்டி இருந்தார். அண்ணாவும் தம்பியும் பக்கத்தில் அவருடைய துவாயையும் செருப்பையும் வைத்துக்கொண்டு நின்றார்கள். தகப்பன் இருக்கிறவர்களுக்கு இங்கே செய்ய ஒன்றும் இல்லை. நிற்கலாம், அவ்வளவுதான். அண்ணாவின் வயதில் அங்கே இருந்த எத்தனையோ பேர் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் அப்படி நிற்க முடிந்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய கொடுப்பினை.

ஐயர் பெயர்களைக் கேட்டார். அப்பா தன் தகப்பனின் பெயர், அவருடைய தகப்பன், அவருக்கும் தகப்பன் என்று தடையில்லாமல் சொன்னார். மூன்றாவது பெயர் எனக்கே புதிது. அண்ணாவின் மகன் எழுத்துக்கூட்டி அதைத் தன் தொலைபேசியில் பதிந்துகொண்டான். சரியாக எழுதினேனா என்று பிறகு அப்பப்பாவிடம் காட்டிக் கேட்டான். ஒரு றகரம் மட்டும் பிழை.

வீட்டில் படைத்து, காகத்துக்கு வைத்து, அது வந்து கொத்தியபிறகு அப்பா விரதம் முடித்தார். காத்தோட்டிக்காய்க் கைப்பைப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு துண்டு தின்று பார்த்து முகம் சுளித்தார்கள். லண்டன்காரன் மட்டும் இரண்டாம் தரம் கேட்டான்.

இன்றிரவு பஸ்ஸில் தம்பி குடும்பம் புறப்படுகிறது, சனிக்கிழமை நாங்கள், அண்ணா நல்லூர்க் கொடியேற்றம் பார்த்துவிட்டு. வைகாசியில் பிள்ளைகளுக்குச் சோதனைக் காலம், எல்லோரும் வர முடியாது. நானும் தம்பியும் வருவதென்றும், அண்ணா லீவு கேட்டுப் பார்ப்பதென்றும் சாப்பாட்டோடு பேசி முடித்தோம். சதாபிசேகத்தை மாவிட்டபுரத்திலேயே வைக்கலாமா என்று அண்ணா கேட்டான்.

"வைக்கலாம். ஆனால் சாப்பாடு இஞ்சதான்" என்றார் அப்பா. "முதல் பந்தி நான்தான் பரிமாறுவன்."